உப்புக்காற்றில் இன்டெல்லும் ஏஎம்டியும்

"காக்கா, இன்டெல் எடுக்கவா, ஏஎம்டி எடுக்கவா?"

"எதை எடுத்தாலும் ஒண்டுதான் தம்பி. நல்ல பவர் சப்ளையும் யூபிஎஸ்ஸும் சேர்த்து எடுங்க."

கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கணினிக் கடைகளில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கேட்ட பிள்ளைக்கு இது மழுப்பலாகத் தெரியும். இன்னும் இரண்டு சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றும் தோன்றும். ஆனால் கடைக்காரர் சொன்னதில் வியாபாரத்தைவிட இயற்பியலே அதிகம்.

சுவரில் வருவது 230 வோல்ட். புரொசெசருக்கு வேண்டியதோ ஒரு வோல்ட்டும் கொஞ்சமும். இடையில் இரண்டு படிகள். பவர் சப்ளை 230ஐ 12 ஆக்குகிறது. மதர்போர்டில் புரொசெசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சுருள்களும் கெப்பாசிட்டர்களும் அந்த 12ஐ 1.2 அளவுக்கு இறக்குகின்றன. வோல்ட்டளவு இறங்கினால் மின்னோட்டம் ஏறித்தான் ஆகவேண்டும். 120 வாட் இழுக்கும் புரொசெசர் ஒன்றுக்குள் 100 அம்பியர் பாய்கிறது. ஒரு வீட்டுக்கு வழமையாகக் கிடைக்கும் மின்னிணைப்பே 30 அம்பியர்தான். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சிலிக்கன் துண்டு அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது.

மின்வெட்டு முடிந்து கரண்ட் துள்ளிக்கொண்டு வரும்போது முதல் அடி பவர் சப்ளைக்கு. அது மலிவுச் சரக்கென்றால் அடுத்த அடி மதர்போர்டுக்கு. புரொசெசர்வரை அடி போய்ச் சேருவது அபூர்வம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதே, அதற்குப் பிறகு பழுதான கணினிகளிலும் இன்டெல், ஏஎம்டி என்று பார்த்துக் கெட்டது எதுவும் இருந்திருக்காது.

அறுகம்பேயில் இதற்குமேல் இன்னொரு கணக்கும் உண்டு. மே மாதத்திலிருந்து ஒக்டோபர்வரை அலைச்சறுக்குப் பருவம். முனையில் உடையும் ஒவ்வொரு அலையும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துணிக்கைகளைக் காற்றில் ஏற்றிவிடுகிறது. கடலைப் பார்த்தபடி திறந்து கிடக்கும் விடுதிகளின் வரவேற்பு மேசைக்கு அடியில் ஒரு கணினி நாள் முழுவதும் அந்தக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது வெறும் தூள். அதைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். பகலில் தூளாகப் படிந்தது இரவில் உப்புநீர்ப் படலமாகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பைத் தின்னும். கரையோர இரவுகளில் 75 வீதம் என்பது பெரிய எல்லையே அல்ல.

அப்படி இரண்டு மூன்று பருவம் கண்ட கணினி ஒன்றைத் திறந்து பாருங்கள். பின்பக்கத்துத் திருகாணிகள் துருப்பிடித்திருக்கும். ஃபேன் இதழ்களில் சாம்பல் நிறப் பிசுக்கு. ரேம் செருகியின் பொன்முலாம் பூசிய பற்களுக்கிடையில் பச்சைப் பூஞ்சணம் போல ஒன்று தெரியும்; செம்பு அரித்து வந்த உப்பு அது. பழைய போர்டென்றால் கெப்பாசிட்டர் ஒன்றிரண்டின் தலை உப்பியிருக்கும். இனி ஃபேனையும் வெப்பத்தணிப்பானையும் கழற்றி, காய்ந்த வெப்பப் பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். நிக்கல் பூசிய செப்பு மூடி கடையில் வாங்கிய நாளைப்போலப் பளபளக்கும். சிலிக்கன் அதற்கடியில், காற்றுப்படாமல் இருக்கிறது. எழுத்துகூட அழியாது.

அந்த எழுத்தையும் ஒருதரம் வாசிக்கவேண்டும். பழைய இன்டெல் மூடிகள் பலவற்றில் 'மலே' என்று பொறித்திருக்கும். ஏஎம்டி மூடிகள் சிலவற்றில் சிலிக்கன் விளைந்தது தாய்வானில், ஒட்டி முடித்தது மலேசியாவில் என்ற பொருளில் இரண்டு வரி இருக்கும். இன்டெல் தன் முதலாவது வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தது 1972இல். அதே ஆண்டில் ஏஎம்டியும் அங்கேதான் போனது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் கட்டிய அதே தீவு. சந்தையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு கம்பனிகளின் சரக்கும் அரை நூற்றாண்டாக ஒரே ஊரில் சோதிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போகிறது. ஒன்றின் வேலை சுத்தம், மற்றதன் வேலை மோசம் என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

அப்படியென்றால் புரொசெசர் பழுதாவதே இல்லையா? ஆகும். அது வேறு வழியில் ஆகும்.

சிப்புக்குள் ஓடும் கம்பிகள் நனோமீற்றர்க் கணக்கில் மெல்லியவை. அவ்வளவு ஒடுங்கிய கம்பியில் கடும் மின்னோட்டம் பாயும்போது இலத்திரன்கள் உலோக அணுக்களை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகின்றன. ஓரிடம் மெலிய, இன்னோரிடம் தடிக்கும். மோட்டரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் 1960களின் இறுதியில் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். மின்னோட்ட அடர்த்தி கூடினால் ஆயுள் குறையும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாகக் குறையும் என்பது அதன் சாரம். டிரான்சிஸ்டர்களுக்கும் வயதாகும். அதிக வோல்ட்டளவிலும் சூட்டிலும் அவற்றின் காப்புப் படலத்தில் மின்னூட்டங்கள் சிக்கிக்கொள்ள, நேற்று 1.20 வோல்ட்டில் சரியாக வேலை செய்தது இன்று 1.25 கேட்கும். இதைத் தெரிந்துதான் உற்பத்தியாளர் முன்கூட்டியே ஓர் இடைவெளி விட்டு வைக்கிறார். சிப்புக்கு உண்மையில் தேவையானதைவிடச் சற்றுக் கூட வோல்ட்டளவு, அதனால் உண்மையில் முடிந்ததைவிடச் சற்றுக் குறைந்த வேகம். வருடக்கணக்கில் அந்த இடைவெளியைத் தின்றுகொண்டே சிப் உயிர் வாழ்கிறது.

நம்பகம் என்று நாம் சொல்வது இந்த இடைவெளியைத்தான். அதை யார் எப்போது செலவழிக்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டு கம்பனிகளின் கதையும் தெளிவாகும்.

2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஏஎம்டியின் அத்லோன் இன்டெல்லை இரண்டு நாள் முந்தி ஒரு கிகாஹேர்ட்ஸைத் தொட்டது. பின்னால் நின்று பழக்கமில்லாத இன்டெல் அவசரப்பட்டு, அந்த ஆண்டு நடுவில் 1.13 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3ஐ வெளியிட்டது. சோதித்த விமர்சகர்கள் அது தடுமாறுவதைக் கண்டார்கள். ஓகஸ்டில் இன்டெல் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டது. 2013இல் நிலைமை மறுபக்கம். 'புல்டோசர்' வடிவமைப்பு சறுக்கி ஏஎம்டி பின்னால் நின்றது. அப்போது அது சந்தைக்கு விட்ட எஃப்எக்ஸ் 9590 உறிஞ்சியது 220 வாட். ஏஎம்டி என்றால் அடுப்பு என்று நம் கடைகளில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருப்பதற்கு அந்தக் காலமும் ஒரு காரணம். 2001இல் ஓர் இணையத்தளம் ஓடிக்கொண்டிருந்த அத்லோனின் வெப்பத்தணிப்பானைக் கழற்றிப் புகை எழுந்ததைப் படம்பிடித்துக் காட்டியது இன்னொரு காரணம். அதே சோதனையில் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இன்று இரண்டும் அப்படித்தான் தப்பும். எண்ணிப் பார்த்தால், 2023இல் வந்த இன்டெல்லின் உச்சிப் புரொசெசர் ஐ9 14900கே இழுக்கும் உச்ச வலு 253 வாட். சூட்டில் இடம் மாறிப் பல வருடமாகிவிட்டது; ஊர்ப் பேச்சுத்தான் இன்னும் மாறவில்லை.

இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசெசர்களில் நடந்தது பாடப்புத்தகத்தில் வைக்கத்தக்கது. விளையாட்டுகள் திடீரென நின்றன. வீடியோ நினைவகம் போதவில்லை என்று கணினி சொன்னது; கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பார்த்தவர்கள் பணத்தை வீணாக்கினார்கள். மாதக்கணக்கில் தேடி, 2024இல் இன்டெல் காரணத்தை வெளியிட்டது. சிப்புக்குள் உள்ள கட்டுப்பாட்டு நிரல் தேவைக்கு மிஞ்சிய வோல்ட்டளவைக் கேட்டுக்கொண்டிருந்தது. கடிகாரத் துடிப்பைப் பரப்பும் சுற்று அதனால் காலத்துக்கு முந்தி முதுமையடைந்தது. நிரலைத் திருத்தினார்கள், பெட்டியில் விற்ற புரொசெசர்களுக்கான உத்தரவாதத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக்கினார்கள். ஆனால் திருத்தம் இனிமேல் கெடாமல் பார்க்கும், கெட்டதை மீட்காது. அதிகம் அடிபட்டவை உச்சிப் பதிப்புகளான ஐ9, ஐ7.

ஏஎம்டி ரசிகர்கள் அப்போது கொஞ்சம் ஆடினார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2023 ஏப்ரலில், அவர்களுடைய ரைசன் 7 7800எக்ஸ்3டி சில போர்டுகளில் அடிப்பக்கம் கருகி வீங்கியதை மறந்துவிட்டு. அங்கும் குற்றவாளி வோல்ட்டளவே. போர்டுகள் சிப்பின் ஒரு பகுதிக்கு மிஞ்சிக் கொடுத்தன. 1.3 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஏஎம்டி கட்டளையிட்டு முடித்தது.

அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் தொழில்முறைக் கணினிகளைக் கட்டி விற்கும் பியூஜெட் சிஸ்டம்ஸ் 2024இல் தன் சொந்தப் பழுதுக் கணக்கை வெளியிட்டது. எல்லாரும் இன்டெல்லை ஏசிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் கணக்கிலோ அந்த 13ஆம், 14ஆம் தலைமுறைகள் ரைசன் 5000, 7000 வரிசைகளைவிடக் குறைவாகவே பழுதாகியிருந்தன. எல்லாவற்றிலும் மோசமானது எவரும் பேசாத இன்டெல் 11ஆம் தலைமுறை. புதிர் ஒன்றுமில்லை. வேகப் போட்டிக்காகப் போர்டுகள் தாமாகத் திறந்துவிடும் வலு வரம்புகளை அவர்கள் ஆரம்பத்திலேயே பூட்டி வைத்திருந்தார்கள். இடைவெளியைச் செலவழிக்கவில்லை.

ஆகவே என் கணிப்பு இது. எந்தத் தலைமுறையிலும் பின்னால் நிற்கும் கம்பனி எதுவென்று பாருங்கள். அதன் உச்சி மாதிரியை மட்டும் வாங்காதீர்கள். சந்தையில் இழந்த நாலைந்து வீத வேகத்தை வோல்ட்டளவில் மீட்கப் பார்ப்பது அங்கேதான் நடக்கும். அதே கம்பனியின் நடுத்தர ஐ5ஓ ரைசன் 5ஓ அநேகமாக உங்கள் மதர்போர்டைவிடக் கூடுதல் காலம் இருக்கும். அறுகம்பேயில் அறை வெப்பம் 33, 34 பாகை. 20 பாகை அறையில் 80இல் ஓடும் சிப் இங்கே 93, 94க்குப் போகும். ரைசன் 7000 உச்சிப் பதிப்புகள் 95 பாகைவரை போகவே வடிவமைக்கப்பட்டவை, இன்டெல்லின் எல்லை 100. உடனே எரியாது. ஆனால் பிளாக்கின் சமன்பாடு இரவு பகலாக வேலை செய்யும்.

முதுமையோடு சம்பந்தமில்லாத பிழைகளும் உண்டு. 1994இல் தோமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பென்டியம் வகுத்தலில் தப்பு விடுவதைக் கண்டுபிடித்தார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டிய இடத்தில் 1.33374 வந்தது. சிப்பிலிருந்த அட்டவணையில் ஐந்து கட்டங்கள் விடுபட்டிருந்தன. சாதாரண ஆளுக்கு 27,000 வருடத்தில் ஒருமுறைதான் இது தட்டுப்படும் என்று இன்டெல் முதலில் வாதாடியது. பிறகு எல்லாருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டு 475 மில்லியன் டொலரைக் கணக்கெழுதியது. அதைவிட அச்சந்தருவது 2021இல் கூகிள் பொறியியலாளர்கள் எழுதியது: சில ஆயிரம் கணினிகளுக்கு ஒரு சில கோர்கள் என்ற அளவில், எந்த எச்சரிக்கையும் தராமல் பிழையான விடை சொல்லும் கோர்கள் தங்கள் நிலையங்களில் இருக்கின்றன என்றார்கள். எந்தக் கம்பனியின் புரொசெசர் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

சரி, சந்தை. இரண்டு கம்பனிகளும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஃபெயார்சைல்ட் கம்பனியிலிருந்து பிரிந்தவர்கள் 1968இல் இன்டெல்லையும் 1969இல் ஏஎம்டியையும் தொடங்கினார்கள். சொந்தத் தொழிற்சாலை வைத்திருப்பவன்தான் ஆம்பிளை என்ற வீரப்பேச்சு ஏஎம்டி நிறுவனர் ஜெரி சான்டர்ஸின் பெயரில் இன்றும் உலவுகிறது. 2009இல் அந்த ஏஎம்டியே தொழிற்சாலைகளைப் பிரித்து விட்டுவிட்டது. இன்டெல் கணினிக் கம்பனிகளுக்குத் தள்ளுபடி கொடுத்து ஏஎம்டியை வெளியே வைத்தது என்ற வழக்கு அதே ஆண்டு 1.25 பில்லியன் டொலரில் சமரசமானது. வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்து நம் கடைகளுக்கு வந்து சேரும் கணினிகளில் பெரும்பாலும் இன்டெல்லே இருப்பதை அந்தப் பழைய தள்ளுபடிகளிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

2015இல் ஏஎம்டி பங்கு இரண்டு டொலருக்கும் கீழே கிடந்தது. அதற்கு முந்திய ஆண்டு தலைமைக்கு வந்த லிசா சூ 2017இல் ரைசனை இறக்கினார். 2019இலிருந்து சிலிக்கனைத் தாய்வானின் டிஎஸ்எம்சியிடம் 7 நனோமீற்றரில் வார்க்கக் கொடுத்தார். இன்டெல்லோ 2016இல் வரவேண்டிய 10 நனோமீற்றர் முறையை 2019வரை இழுத்துக்கொண்டிருந்தது. மேலே சொன்ன இன்டெல்லின் வோல்ட்டளவுக் கூத்தை இந்தத் தாமதத்தோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். 2017இல் சேவர் சந்தையில் இருந்த இடமே தெரியாத ஏஎம்டி 2025இல் கால் பங்கைத் தாண்டியது. 2024இல் இன்டெல்லின் வருமானம் 53 பில்லியன் டொலர், ஏஎம்டியினது 26க்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த ஆண்டு இன்டெல் கண்ட நட்டம் மட்டும் 18 பில்லியனுக்கு மேல். 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசே ஏறத்தாழ பத்து வீதப் பங்கை வாங்கியது. அடுத்த மாதம் என்விடியா ஐந்து பில்லியன் போடுவதாக அறிவித்தது. மலேசியாவின் மூவாரில் பிறந்த லிப்பு டான் தலைமையில் இன்டெல் அரிசோனாவில் 18ஏ என்ற புதிய முறையில் உற்பத்தி நடத்துகிறது. அரசு கைகொடுத்த கம்பனி சட்டென்று மூடாது. ஆனால் ஏஎம்டியின் முன்னணியும் தாய்வான் என்ற ஒரே தீவில் பெரிதும் தங்கியிருக்கிறது. அங்கே நிலம் நடுங்கினாலோ சீனம் முறைத்தாலோ விலை கல்முனையிலும் ஏறும். டொலர் ஏறினால் என்னவாகும் என்பதை 2022 நமக்குச் சொல்லித்தந்தது: மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்தது மே மாதமளவில் 360.

இப்படி விலை ஏறும் ஊரில், வாங்குபவருக்குக் கம்பனியின் பங்கு விலையைவிட உதவுவது, போர்டை மாற்றாமல் புரொசெசரை மாற்ற முடியுமா என்ற கேள்வி. ஏஎம்டி இங்கே தெளிவாக வெல்கிறது. 2016இல் வந்த அதன் ஏஎம்4 சொக்கெட்டில் 2022இன் புரொசெசரும் பொருந்தியது, பயோஸைப் புதுப்பித்தால் போதும். அந்தக் காலத்துக்குள் இன்டெல் மூன்று முறை போர்டை மாற்ற வைத்தது. அதில் ஒருமுறை புரொசெசர் சொக்கெட்டில் பொருந்தியும் வேலை செய்யவில்லை. ஏஎம்4இன் ஒரே தொல்லை அதன் 1,331 ஊசிகள் புரொசெசரில் இருப்பது. பேஸ்ட் காய்ந்து இறுகிவிட்டால், வெப்பத்தணிப்பானைத் தூக்கும்போது புரொசெசரும் ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும், ஊசி வளையும். அனுபவமுள்ள திருத்துநர் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, பக்கவாட்டில் மெல்லத் திருகித்தான் கழற்றுவார். வளைந்தால் சவர அலகின் நுனியால் ஒவ்வொன்றாக நிமிர்த்துவார்கள்.

பழைய கணினி வாங்குவோருக்கு வேறு ஆபத்து. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றுபோனது. விண்டோஸ் 11 ஏற்பது இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000இலிருந்து. இன்னும் சில வருடம் ஓடக்கூடிய 6ஆம், 7ஆம் தலைமுறைச் சிலிக்கன் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. பழுதாகி அல்ல. மலிவாகக் கிடைக்கிறதென்று இவற்றை வாங்குவோர் லினக்ஸுக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாங்குவது நல்லது.

இரண்டு கம்பனிக்கும் மூன்றாவதாக ஒருவர் வந்துவிட்டார். அறுகம்பே உணவகங்களில் அலைக்குப் போய்வந்து மடிக்கணினியோடு உட்காரும் வெளிநாட்டார் பலரிடம் இருப்பது 2020இல் எம்1இல் தொடங்கிய ஆப்பிள் சிப்கள். ஏஆர்எம் (ARM) வகையைச் சேர்ந்தவை. வார்ப்பது அதே டிஎஸ்எம்சி. வேகம் போதும், சூடு குறைவு, எம்1 மெக்புக் ஏயரில் ஃபேனே கிடையாது; ஃபேன் இல்லாவிட்டால் உப்புக்காற்றை உறிஞ்சுவதும் குறையும். இந்தக் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான கணினி இல்லை என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும். ஆனால் அதில் நினைவகம் புரொசெசரோடு ஒரே பொதியில் இருக்கிறது. 2024இல் இன்டெல் தன் 'லூனார் லேக்' மடிக்கணினிச் சிப்களிலும் அதையே செய்தது. ரேம் ஒன்று போனால் கல்முனையில் வேறொன்றைச் செருகிப் பார்க்க முடியாது. போர்டையே மாற்றவேண்டும். அந்தப் போர்டு கொழும்பிலும் எளிதில் கிடைப்பதில்லை.